வானம் விழாத படங்கள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு, வேலை முடிந்து வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் காது அடைத்தே இருக்கும். ஆள் உயர மெஷின்கள் காலையிலிருந்து விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வாங்கிப் போட்டு உருட்டிக்கொண்டே இருக்கும். உலர்ந்து வந்ததை எடுத்து, எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்று, முனையோடு முனை சேர உதறி மடிப்பதுதான் அவளுடைய வேலை. மடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் அங்கே எல்லோரும் அவளை மடிப்பக்கா என்றே கூப்பிட்டார்கள். சாயங்காலம் உடம்பெல்லாம் நீராவி வாடையோடு வீட்டுக்கு நடக்கும்போது மடிப்பக்காவுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருக்கும். பூட்டைத் திறந்து, ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்து, ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, யாருக்கும் எந்தப் பதிலும் சொல்லாமல் வெறுந்தரையில் காலை நீட்டி உட்கார வேண்டும்.

அந்த ஆசை நிறைவேறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டைப் பூட்டுகிற வேலையே இல்லாமல் போயிற்று. எந்நேரமும் வீட்டில் லைன்மேன் இருந்தார்.

லைன்மேன் அவள் புருஷன். கரண்ட் ஆபீசில் கம்பம் ஏறுகிற வேலை. மழையோ காற்றோ, தெரு இருட்டிப் போனால் முதலில் இவர் பெயரைத்தான் சொல்லுவார்கள். அப்படி ஒரு மழைக்குப் பிறகு, லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏறினார். எந்த வீட்டிலோ ஓடிய ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் பின்பக்கமாகக் கம்பிக்கு ஏறி வந்துவிட்டது. யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. இடுப்பு பெல்ட் புண்ணியத்தில் கீழே விழாமல் கம்பத்திலேயே தொங்கினார். இறக்குவதற்கு ஏணி வரும்வரை கீழே நின்ற கூட்டம், ஆள் போய்விட்டார் என்றே முடிவு கட்டியிருந்தது. பிழைத்தார். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. மற்றவை மடங்க மறுத்தன.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த புதிதில், பொழுதுபோக மகளுடைய கேமராவை எடுத்தார். மகள் படிக்கிற காலத்தில் ஆசைப்பட்டு வாங்கி, கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போனது அது. படம் எடுக்கிற பொத்தான் வலது பக்கம் இருந்தது. வலது கை ஒத்துவரவில்லை. ரெண்டு நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தார். பொத்தான் இடது கைக்கு வந்துவிட்டது. படமெல்லாம் தலைகீழாக விழும். பார்க்கும்போது மறுபடி கவிழ்த்துக்கொள்வார்.

வீட்டின் பின்பக்கம் ஒரு துண்டு நிலம். மடிப்பக்கா வைத்த செம்பருத்தி, எலுமிச்சை, வேலிக்காக விட்ட உண்ணிச்செடி, அதற்கு மேல் கூரை போட்டாற்போலக் கவிந்த பக்கத்து வீட்டு மாமரம். உண்ணிப்பூவுக்கு வண்ணத்துப்பூச்சிகள் படையெடுத்து வரும். லைன்மேன் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அங்கேயே குடியேறிவிட்டார். காலை வெயில் இளசாக இருக்கும்போதுதான் அவை சிறகை விரித்துக் காயவைக்கும், வெயில் ஏறிவிட்டால் நிற்காது, நம் நிழல் மேலே விழுந்தால் அவ்வளவுதான் என்றெல்லாம் சாப்பிடும்போது சொல்லுவார். காற்றில் கிளை ஆடினால் படம் கலங்குகிறதென்று அவள் துணி மாட்டும் கிளிப்புகளை எடுத்துக் கிளையோடு கிளையாகக் கவ்வ வைத்தார். அவள் துவைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு கிளிப்பைத் தேடுவாள். அது எலுமிச்சை மரத்தில் இருக்கும்.

பூச்சிகளுக்குப் பெயரும் வைத்தார். தாமதமாக வந்து எங்கும் நிலையாக உட்காராத பெரிய கறுப்புக்கு இன்ஜினியர். தரையோடு தரையாகத் திரியும் பொடிச் சாம்பல் நிறத்துக்கு ஹெல்பர். ஒரு பூவை விடாமல் எல்லாப் பூவிலும் மூக்கை நுழைக்கும் மஞ்சளுக்கு மீட்டர் ரீடிங் எடுக்கிறவர். முதலில் அவளும் சிரித்தாள். எத்தனை மாதத்துக்குத்தான் சிரிப்பது?

வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டியது எல்லாம் அவள் தலையில் விழுந்தது. கடை, ரேஷன், ஆபீசில் கையெழுத்துக்குக் கொண்டுபோகும் காகிதம் எல்லாமே அவள்தான். முடி வெட்டுகிறவரைக்கூட அவள் போய்க் கூட்டிவந்து பின்பக்கம் உட்கார வைத்தாள். அதைவிடப் பெரிய வேலை, வாசலில் கால் வைத்ததும் தொடங்கும் விசாரணைக்குப் பதில் சொல்வது. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், முனையில் தையல்கடை திறந்திருந்ததா, பழக்கடைக்காரர் கேட்டாரா. அடைத்த காதோடு அவள் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் குளிக்கப் போனால் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றதும் அவர் குரல் வரும். அவள் கொல்லைக் கதவைச் சாத்தினால் ஏன் சாத்தினாய் என்று கேட்பார். சில நாள் வேலை முடிந்த பிறகும் அவள் சலவைக்கூடத்துப் படிக்கட்டில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கிளம்பினாள். அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருக்கும். சாவின் வாயிலிருந்து திரும்பி வந்த மனுஷனைப் பார்த்து, கொஞ்ச நேரம் எங்கேயாவது போய்த் தொலையேன் என்று எப்படிச் சொல்வது?

ஆபீசிலிருந்து ரெண்டு பேர் வந்து, புகார் போன் எடுக்கிற உட்கார்ந்த வேலை காத்திருக்கிறது, கம்பத்துப் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். லைன்மேன் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். மூன்றாவது தடவை வந்தவர்களிடம் அவளே, அவருக்குக் காய்ச்சல், தூங்குகிறார் என்று பொய் சொல்லி அனுப்பினாள். பின்பக்கம் கேமரா சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் மகளுக்குப் பிரசவம் வந்தது. மகள் இருப்பது வேறு ஊர். அம்மா வேலை செய்கிற ஆஸ்பத்திரி, தெரிந்த நர்சுகள், கூப்பிடு தூரத்தில் அப்பா என்று கணக்குப் போட்டு இங்கேயே வந்து சேர்ந்தாள். பெண் குழந்தை. வலி எடுத்து நாள் முழுக்கப் படாத பாடு பட்டுப் பெற்றாள். வார்டுக்கும் சலவைக்கூடத்துக்கும் நடுவே மடிப்பக்கா ஓடினாள். பேத்தியைச் சுற்றி வைக்கும் துணியைத் தானே தேர்ந்து, தானே மடித்து எடுத்துப் போனாள்.

லைன்மேன் வரவில்லை.

முதல் நாள், உடம்பு அசதி என்றார். மறுநாள், கூட்டமாக இருக்கும், வீட்டுக்கு வந்தபிறகு நிதானமாகப் பார்க்கலாம் என்றார். ஆஸ்பத்திரி, தெருமுனை தாண்டி நடக்கிற தூரம்தான். மகள் ஒவ்வொரு தடவை வார்டு கதவு திறக்கும்போதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று சாயங்காலம் அம்மாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு விட்டுருவாங்களாம். நான் நேரா ஊருக்குப் போறேம்மா. அங்க வரல."

"பச்சை உடம்பைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் எப்படிடி போவ?"

"பக்கத்துல இருந்தும் வந்து பாக்கணும்னு தோணாதவர் வீட்டுல நான் வந்து என்ன பண்றது?"

மாப்பிள்ளை நல்ல மாதிரி. பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சலவைக்கூடத்தில் அவளோடு எதிர்முனை பிடிக்கிற ஒல்லிக்காரிக்குக் குண்டூசி என்று பெயர். விரிப்பை உதறிக்கொண்டே, என்ன மடிப்பக்கா, தாத்தா வந்து பார்த்தாச்சா, குழந்தை யார் ஜாடையாம் என்று கேட்டாள். மடிப்பக்காவின் கையிலிருந்த முனை நழுவிக் கீழே விழுந்தது. அவள் கையிலிருந்து முனை நழுவி யாரும் பார்த்ததில்லை. குண்டூசி மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கீழே விழுந்த விரிப்பை மறுபடி துவைக்கிற கூடையில் போட்டாள்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே பின்பக்கம் போனாள். லைன்மேன் எலுமிச்சை அருகே குனிந்திருந்தார்.

"நாளைக்கு அவ ஊருக்குப் போறா. காலையில வந்து குழந்தையைப் பாத்துட்டு, அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க. உங்ககிட்ட நான் வேற எதுவும் கேக்கல."

அவர் நிமிராமலே, எலுமிச்சையில் ஒரு கூடு கறுத்திருக்கிறது, நாளைக் காலையில்தான் உடையும்போல, இத்தனை நாளில் பூச்சி கூட்டைவிட்டு வெளியே வருவதை மட்டும் தன்னால் எடுக்க முடியவில்லை என்றார்.

அவள் கொஞ்ச நேரம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்குப் பேத்தியை விடப் புழு பெரிசாப் போச்சு, இல்ல?"

முக்காலியின்மேல் வைத்திருந்த கேமராவை அவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டாள். இதை எங்கேயாவது ஒளித்துவைக்க வேண்டும், இல்லை கிணற்றில் போட வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது. கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் கதவைத் தட்டுவார் என்று காத்திருந்தாள். தட்டவில்லை. கை சும்மா இருக்காமல் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, மகள் முன்பு சொல்லிக் கொடுத்த பொத்தானை அழுத்தினாள்.

படங்கள் வந்துகொண்டே இருந்தன. உண்ணிப்பூ, ஹெல்பர், செம்பருத்தி, இன்ஜினியர், கிழிந்த சிறகோடு ஒன்று, எலுமிச்சை இலையில் பறவை எச்சம்போல ஒட்டிக்கொண்டிருந்த குட்டிப் புழு. அழகாகத்தான் எடுத்திருந்தார். பூவின் மஞ்சள் தூள் ஒட்டிய மீசைவரை தெரிந்தது. அவள் தள்ளித் தள்ளிக்கொண்டே போனாள். மாதக்கணக்கில் எடுத்தவை. பார்க்கப் பார்க்க ஏதோ ஒன்று நெருடியது, என்னவென்று பிடிபடவில்லை. எல்லாப் படத்திலும் பின்னால் இலையும் மண்ணும் சுவரின் அடிப்பாகமும்தான் இருந்தன. பறக்கிற பூச்சியை எடுத்தவர் ஒன்றைக்கூட அண்ணாந்து எடுக்கவில்லை. அத்தனை படங்களில் எங்கேயும் ஒரு கை அகல வானம் விழவில்லை.

அவள் கேமராவை மடியில் வைத்தாள். நெஞ்சுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஏதேதோ வந்து நின்றன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே அவர் கொல்லையில் கட்டியிருந்த துணிக்கொடிக் கம்பியை அறுத்துப் போட்டுவிட்டு நைலான் கயிறு கட்டினார். துரு என்று சொன்னார். முன்னறை ஜன்னலைத் திறக்க விடமாட்டார். தூசி என்று சொன்னார். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரேதான் தெருக்கம்பம் இருந்தது. அதிலிருந்துதான் வீட்டுக்குக் கம்பி வந்தது. மொட்டைமாடிப் படியில் அவர் கால் வைத்து எவ்வளவு நாளாயிற்று? பின்பக்கம் மாமரத்தடியில் மட்டும்தான் தலைக்கு மேல் எதுவும் தெரியாது.

அவள் தாழை நீக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவர் முக்காலியில் இருந்த இடத்திலேயே இருந்தார். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, வாசல் கேட்டைத் தாண்டி எப்போ கடைசியாப் போனீங்க?"

அவர் கெட்டுப்போன கையை நல்ல கையால் பிடித்துக்கொண்டார்.

"கட்டுப் பிரிச்சுட்டு வந்தேனே, அன்னைக்குத்தான். கார்ல கண்ணை மூடிக்கிட்டே வந்தேன். நீ தூங்குறேன்னு நினைச்சே."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்ல? முப்பது வருஷம் கம்பத்துலயே ஏறி இறங்கினவன். அது ஒண்ணும் பண்ணாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியுது. ஆனா கண்ணுல பட்டுட்டா கால் ரெண்டும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆயிடுது. ஒரு நாள் நீ வேலைக்குப் போனப்புறம் கேட்டைத் திறந்து பாத்தேன். நின்ன இடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டேன்." அவர் குரல் உடையவில்லை, வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல இருந்தது. "லைன்மேனுக்குக் கம்பின்னா பயமாம்னு தெருவுல சிரிக்க மாட்டாங்களா? பூச்சிப் பைத்தியம்னு சொன்னா பரவாயில்ல. அதுல ஒரு மரியாதை இருக்கு."

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை மாதம் ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டு, அவள் தண்ணீர் ஊற்றும் சத்தத்தைக்கூடக் கணக்கெடுத்துக்கொண்டு, இதைமட்டும் மூடிவைத்திருக்கிறார். தான் இதுவரை மென்று விழுங்கியதை எல்லாம் அவளும் அன்று கொட்டினாள். சலவைக்கூடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதைச் சொன்னாள். தனியாக இருக்க ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும் என்று ஏங்குவதைச் சொன்னாள். அவர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், எனக்கு உன் செருப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சே ஒழுங்காக வரும் என்று மட்டும் சொன்னார். மிச்சமிருந்த குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை அவள் வேலைக்கு லீவு சொன்னாள். பீரோவுக்குப் பின்னால் கைவிட்டு, மகள் படித்த காலத்தில் வாங்கிய பெரிய கறுப்புக் குடையை எடுத்துத் தட்டினாள். வெளியே பொட்டு மேகம் இல்லை. சட்டை மாட்டிக்கொள்ளுங்கள் என்றாள். அவர் குடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். புரிந்துகொண்டார். எலுமிச்சைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, பொத்தானைத் தாறுமாறாகப் போட்டுக்கொண்டு வந்தார். அவள் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

கேட்டுக்கு உள்ளேயே குடையை விரித்தாள். அவர் தலை உள்ளே இடிக்கிற அளவுக்குத் தாழ்த்திப் பிடித்தாள். அவர் நல்ல கை அவள் முழங்கைக்கு மேல் இறுகியது. தெருவில் இறங்கினார்கள். குடைக்கு அடியில் தெரிந்ததெல்லாம் மண்ணும் சாக்கடைப் பலகையும் மனிதர்களின் காலும்தான். எதிரே வந்த கால்களை அவர் தாழ்ந்த குரலில் யாரென்று கேட்டார், அவள் சொன்னாள். பழக்கடைக்காரர், என்ன லைன்மேன், உங்களுக்கு மட்டும் மழையா என்று கேட்டார்.

"ஆமா, எங்க வீட்டம்மாவுக்கு என் கலர் மேல ரொம்ப அக்கறை" என்றார் லைன்மேன். பழக்கடைக்காரர் சிரித்துவிட்டார். அவள் கையில் அவர் விரல்கள் பதிந்த இடம் விண்விண்ணென்று தெறித்தது. அவள் காட்டிக்கொள்ளவில்லை.

பாதித் தெருவரை வந்துவிட்டார்கள். முனையில், தையல்கடைக்கு எதிரே, டிரான்ஸ்பார்மர் இருந்தது. அதை அவள் மறந்திருக்கவில்லை. கண்ணில் படாமல் குடையைச் சாய்த்துக் கடந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். ஆனால் அது சத்தம் போடும் என்பதை நினைக்கவில்லை. தினமும் நாலு தடவை அதைக் கடக்கிறவள். மெஷின் சத்தத்தில் பழகிய அந்தக் காதுக்கு அது எட்டியதே இல்லை. அவருக்கு எட்டியது. தையல்கடைக்குப் பக்கத்தில் வந்ததும், அந்த மெல்லிய ரீங்காரம் காதில் விழுந்த இடத்தில் நின்றார். உடம்பு நடுங்கத் தொடங்கியது. வேர்வை சட்டையை நனைத்தது.

"முடியலம்மா."

"திரும்பிடலாமா?"

"அதுவும் முடியல."

தையல்காரர் எட்டிப் பார்த்தார். ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பின்னால் வைத்துவிட்டு உள்ளே போய் மெஷினை மிதிக்கத் தொடங்கினார். லைன்மேன் உட்கார்ந்தார். அவள் குடையைப் பிடித்தபடி நின்றாள். முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் வழியில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். குடை பிடித்த கை மரத்துப் போயிற்று. இந்தத் தெருவிலேயே, இந்தக் கறுப்புத் துணிக்கு அடியிலேயே இனித் தன் காலம் முழுக்கக் கழியப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

இன்னொரு கையால் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். மகள் எடுத்து, ஆட்டோ வந்துவிட்டது, கிளம்புகிறோம் என்றாள்.

"உங்கப்பா டிரான்ஸ்பார்மர் கிட்ட உக்காந்திருக்கார். உன்னைப் பாக்கத்தான் வந்தார். அதுக்கு மேல அவரால வர முடியல. அவருக்குக் கம்பியைப் பாத்தா பயமா இருக்குடி. ஒரு வருஷமா கேட்டைத் தாண்டலை. எனக்கே நேத்துதான் தெரியும்."

மறுமுனையில் குழந்தை சிணுங்குவது கேட்டது. பிறகு போன் கட்டாயிற்று. என்ன சொன்னாள் என்று அவர் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றாள். அது உண்மைதான்.

ஆட்டோ முனை திரும்பி, அவர்களைக் கடந்து கொஞ்சதூரம் போய் நின்றது. மாப்பிள்ளை முதலில் இறங்கி, மகளுக்குக் கை கொடுத்தார். அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, தையல் வலியில் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தாள். முகத்தில் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. குடைக்கு வெளியே நின்று ஒரு கணம் பார்த்தாள். காய்ந்த தெருவில் விரித்த குடை, வேர்த்துக் கொட்டும் அப்பா, மரத்த கையை மாற்றக்கூட முடியாமல் நிற்கும் அம்மா. குனிந்து உள்ளே வந்தாள்.

"போன்ல சொல்லியிருக்கலாம்லப்பா" என்றாள்.

அவர் துணிக்குள்ளிருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் மெல்லக் குனிந்து குழந்தையை அவர் மடியில் வைத்தாள். கெட்டுப்போன கை எங்கே வைப்பதென்று தெரியாமல் காற்றில் நின்றது. பிறகு தலைக்குக் கீழே போய் மெத்தென்று பொருந்தியது. அவர் நடுக்கம் நிற்கவில்லை. குழந்தையும் கூடவே லேசாக ஆடியது. அதற்கு அது பிடித்திருந்ததுபோலச் சும்மா கிடந்தது.

நாலு பேருக்குக் குடை போதவில்லை. குழந்தையின் நெற்றியில் வெயில் விழுந்தது. அது கண்ணைச் சுருக்கி முகத்தைக் கோணியது.

"குடையை இந்தப் பக்கம் சாய்" என்றார் அவர்.

மடிப்பக்கா அசையவில்லை. சாய்த்தால் அவர் தலைக்கு மேல் திறந்துவிடும்.

"பிள்ளை மூஞ்சியில வெயில் அடிக்குது. சாய்ம்மா."

அவள் சாய்த்தாள். கம்பிகளின் நிழல் அவர் தோளிலும் பிடரியிலும் கோடுகோடாக விழுந்தது. அவர் கண்ணைக் குழந்தையின் முகத்தைவிட்டு எடுக்கவில்லை. ரீங்காரம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை ஆட்டோவிலிருந்த பையை இறக்கிக்கொண்டு வந்து, வீட்டுக்குத்தானே மாமா என்று கேட்டார்.

"கொஞ்சம் இருங்க மாப்பிள்ளை" என்றார் லைன்மேன். "எனக்கு எழுந்திரிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்."

மகள் கையை நீட்டி, அம்மாவின் மரத்த கையிலிருந்து குடையை வாங்கிக்கொண்டாள்.